கமானுக்குக் கீழே ஒரு மேசை

அரண்மனையில் வேலை என்றால் எங்கள் சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் ஒரு சிரிப்பு. கல்யாணம் காதுகுத்து என்று எங்கே போனாலும் ‘ராணியம்மா வந்தாச்சு’ என்று யாராவது ஒருத்தர் சொல்லாமல் இருப்பதில்லை. ராணியம்மா காலையில் போனதும் முதலில் பார்ப்பது கழிப்பறைத் தொட்டியில் தண்ணீர் ஏறியிருக்கிறதா என்பதைத்தான். அடுத்தது, நேற்று வந்த கூட்டத்தில் எந்தப் புண்ணியவான் எந்தச் சுவரில் சாவியால் இதயம் கீறிவிட்டுப் போயிருக்கிறான் என்பது. அப்புறம் வௌவால் புழுக்கை, அடைத்துக்கொண்ட மழைநீர்க் குழாய், படிக்கட்டில் வழுக்கி விழுந்துவிட்டு டிக்கெட் காசைத் திருப்பிக் கேட்கிற குடும்பம். இவ்வளவுதான் என் ராஜாங்கம்.

ஹைதராபாத் பழைய நகரத்தில், பொதுமக்கள் பார்க்கத் திறந்துவிட்ட ஒரு அரண்மனையை ஓர் அறக்கட்டளைக்காக நிர்வகிக்கிறேன். அதற்கு முன்னால் ஹோட்டலில் வரவேற்பில் இருந்தேன். ஹோட்டலில் ஒன்று சரியில்லை என்றால் மாற்றிவிடலாம். போர்வையை மாற்றலாம், அறையை மாற்றலாம், ரொம்பவும் கத்துகிற விருந்தாளிக்கு ஒரு கேக் அனுப்பலாம். இங்கே ஓர் ஆணி அடிக்கக்கூட மூன்று இடத்தில் அனுமதி வாங்க வேண்டும். அது நியாயம்தான். அனுமதி இல்லாமல் ஆளாளுக்கு ஆணி அடித்திருந்தால் இந்தக் கட்டடம் இன்றைக்கு நின்றிருக்காது. ஆனால் அந்த நியாயத்துக்குக் கீழே மனிதர்களும் நிற்கிறார்கள்.

தெருவிலிருந்து உள்ளே வர ஒரே வழி, பெரிய வளைவு வாசல். இங்கே எல்லோரும் கமான் என்றுதான் சொல்வார்கள். இரண்டு மாடி உயரம். மேலே சுண்ணாம்பில் செய்த பூவும் கொடியும். அந்தப் பூவுக்கும் கொடிக்கும் நடுவே, ஒவ்வொரு வருடமும் மழை ஓய்ந்ததும், மலைத்தேனீக்கள் வந்து கூடு கட்டும். கீழேயிருந்து பார்த்தால் கறுப்புக் கம்பளியைக் காயப்போட்டிருக்கிற மாதிரி தொங்கும். உற்றுப் பார்த்தால்தான் அது அசைவது தெரியும். நாம் சும்மா இருந்தால் அவையும் சும்மா இருக்கும். புகை பட்டால் மட்டும் மொத்தமாக இறங்கிவிடும்.

கலைத்துவிட வேண்டியதுதானே என்று கேட்பீர்கள். கலைத்தோம். தேன் எடுக்கிறவர்களைக் கூப்பிட்டு, அவர்கள் பந்தம் பிடித்ததில் சுண்ணாம்பு வேலை முழுக்கக் கரி ஏறிவிட்டது. கரியைப் பஞ்சால் துடைத்துத் துடைத்தே ஒரு கோடை போயிற்று. அடுத்த மழை முடிந்ததும் தேனீக்கள் அதே இடத்தில், கொஞ்சம்கூட வெட்கமில்லாமல். வலை கட்டலாம் என்றால் ஆணி அடிக்க வேண்டும், கமானின் தோற்றம் கெடும். பராமரிப்பைப் பார்க்கிற கட்டடக் கலைஞர் வெளியூர்ப் பெண், நல்ல பெண்தான். தேனீயும் இந்தக் கட்டடத்தின் ஒரு பகுதி, அதோடு சேர்ந்து வாழப் பழக வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனாள். அவள் மாதத்துக்கு ஒரு முறை வருவாள். தினமும் அதற்குக் கீழே நிற்பது நாங்கள்.

நிற்பது என்றால் சும்மா நிற்பது இல்லை. வருகிற பெண்களைச் சோதிக்கும் மேசை கமானுக்கு நேர் கீழேதான் இருந்தது. அங்கேதான் மெட்டல் டிடெக்டர் நிற்கும், ஏனென்றால் கரண்டு பாயிண்ட் அங்கேதான். அதை ஒட்டி மூன்று பக்கமும் துணி கட்டிய ஒரு தடுப்பு. அதற்குள்ளே பெண்களைச் சோதிக்க ஒரு பெண் காவலாளி வேண்டும். ஒரு ஷிஃப்டுக்கு ஒரே ஒரு பெண்ணைத்தான் செக்யூரிட்டி ஏஜென்சி அனுப்பும்.

பகல் ஷிஃப்டில் இருந்தவள் போவன்பள்ளியிலிருந்து வருவாள். தமிழ்ப் பெண். எங்கள் குடும்பத்தைப் போலவே அவர்கள் குடும்பமும் வெள்ளைக்காரன் காலத்தில் வட ஆற்காட்டுப் பக்கமிருந்து செகந்திராபாத் வந்ததுதான். அதனால் எங்கள் இரண்டு பேர் பேச்சும் ஒரே மாதிரி இருக்கும், வேலூர்த் தமிழில், ஆமாவுக்கு ஹவ்வும் வேண்டாமுக்கு நக்கோவும் கலந்து. மற்றவர்கள் முன்னால் நான் மேடம். யாரும் இல்லாவிட்டால் அக்கா. அவள் புருஷனுக்கு மல்லாபூர் ஃபேக்டரி ஒன்றில் வேலை, ஒரு மாதம் கூப்பிடுவார்கள், இரண்டு மாதம் கூப்பிட மாட்டார்கள். படிக்கிற பெண்கள் இரண்டு பேர். வீடு அவள் சம்பளத்தில்தான் ஓடியது.

கூட்டம் பிடித்துத் தள்ளும்போதும் அவளுக்குக் கோபம் வராது. எனக்குத்தான் மூக்குக்கு மேல் வரும். பையைத் திறந்து காட்டச் சொன்னால் மூஞ்சியைத் தூக்கிவைத்துக்கொள்கிற சீமாட்டிகளைப் பார்த்தால் எனக்கு இரத்தம் கொதிக்கும். அவள் சிரித்துக்கொண்டே ‘அம்மா, உள்ள பாம்பு எதுவும் இல்லியே’ என்று கேட்டுத் திறக்க வைத்துவிடுவாள்.

அந்த வருடம் மழை விட்டு, கமானில் முதல் கூடு தெரிய ஆரம்பித்த வாரம், அவள் என் அறைக்கு வந்து கதவைச் சாத்தினாள். போன பருவத்தின் கடைசியில் அவள் கழுத்தில் ஒரே ஒரு தேனீ கொட்டியது எனக்குத் தெரியும். மஞ்சள் தடவிக்கொண்டு வேலை பார்த்துவிட்டுத்தான் போனாள். அதற்குப் பிறகு நடந்தது எனக்குத் தெரியாது. பஸ்ஸில் போகும்போதே உதடு வீங்கி, தொண்டை அடைத்து, மூச்சு விட முடியாமல் ஆகியிருக்கிறது. நல்ல வேளையாக, இறங்கிய இடத்துக்குப் பக்கத்திலேயே ஒரு டாக்டர் இருந்து ஊசி போட்டிருக்கிறார். சிலருக்கு இது ஒத்துக்கொள்ளாது, இன்னொரு தடவை கொட்டினால் ஆஸ்பத்திரிக்கு வந்து சேர நேரம் இருக்காது, தேனீ இருக்கிற பக்கமே போகாதே என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்.

“அக்கா, மேசைய மட்டும் அந்தாண்ட தள்ளிப் போடச் சொல்லுங்க. புளியமரத்தாண்ட போட்டாக்கூடப் போதும்” என்றாள்.

இவ்வளவுதானே, இன்றைக்கே சொல்லிவிடுகிறேன், ஏஜென்சிக்கும் நானே பேசுகிறேன் என்று ஃபோனை எடுத்தேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“நக்கோ அக்கா. ஏஜென்சிக்கு மட்டும் தெரியக் கூடாது. உடம்புக்கு ஆகாதுன்னு தெரிஞ்சா அன்னிக்கே வேற ஆளப் போட்டுடுவாங்க. வேற எதுனா காரணம் சொல்லுங்க.”

நான் ஃபோனை வைத்தேன். அவள் சொன்னது உண்மை. இதற்கு முன்னால் ஒரு காவலாளிக்குக் கால் நரம்பு சுருண்டு நிற்க முடியாமல் போனபோது, அவரை மறுநாளே வேண்டாம் என்று சொன்னவர்கள்தான் இவர்கள். எனக்குச் சம்பளம் தருவது அறக்கட்டளை, அவளுக்கு ஏஜென்சி. அவள் வேலையைக் காப்பாற்றுகிற அதிகாரம் எனக்குக் கிடையாது. சரி என்று தலையாட்டினேன்.

அன்றிலிருந்து நான் ஏறாத படி இல்லை. அறக்கட்டளையின் செயலர் ஓய்வு பெற்ற அதிகாரி. குரலே எழும்பாத மனிதர், போனால் டீ வரவழைப்பார், பிஸ்கட் தட்டை நம் பக்கம் நகர்த்துவார், எதற்கும் முடியாது என்று சொல்ல மாட்டார். மேசையால் வாசலில் நெரிசலாகிறது என்றேன். பார்க்கலாம் என்றார். வரிசை தெருவரைக்கும் போகிறது, டிராஃபிக் போலீஸ் சத்தம் போடுகிறான் என்றேன். பார்க்கலாம் என்றார். கமானைப் படம் எடுக்கிறவர்களுக்கு நடுவில் நம் பிளாஸ்டிக் மேசையும் துணித் தடுப்பும் அசிங்கமாக விழுகிறது என்றேன். அதற்கு மட்டும் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தார். ஆனால் புளியமரத்துப் பக்கம் கரண்டு இல்லை. முற்றத்தைத் தோண்டித்தான் கேபிள் பதிக்க வேண்டும், தோண்ட அனுமதி வேண்டும், அனுமதிக்கு முன்னால் கட்டடக் கலைஞர் பார்க்க வேண்டும். அடுத்த கூட்டத்தில் பேசுவோம் என்றார். அந்தக் கூட்டத்தில் கார் பார்க்கிங் பற்றிப் பேசிவிட்டுக் கலைந்தார்கள்.

தேனீ ஆபத்து என்று பொதுவாகவும் சொல்லிப் பார்த்தேன். இத்தனை வருடமாக யாருக்காவது ஏதாவது ஆகியிருக்கிறதா என்று கேட்டார். வாய்க்குள் பதில் இருந்தது. முழுங்கிவிட்டு டீயைக் குடித்தேன். அந்த மாதிரி என் வாழ்க்கையில் நான் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்ததே இல்லை. வீட்டுக்கு வந்து பாத்திரங்களைப் போட்டு உடைக்காத குறை.

என் மகள் ஐ.டி. கம்பெனியில் இருக்கிறாள். நான் தமிழில் புலம்பினால் அவள் இங்கிலீஷில் புத்தி சொல்வாள். உண்மையைச் சொல்லிவிடு அம்மா, எந்த ஆபீசிலும் உடல்நிலை சரியில்லை என்றால் இடம் மாற்றித்தான் தருவார்கள் என்றாள். உன் ஆபீசில் அதற்கென்று ஒரு இலாகாவே இருக்கிறது, என் ஆபீசில் கமான்தான் இருக்கிறது என்று சொல்லிவிட்டு எழுந்து போனேன். ஆனால் அவள் சொன்னது மண்டையை விட்டுப் போகவில்லை. சொன்னால் வேலை போகும், சொல்லாவிட்டால் உயிருக்கு ஆபத்து. உயிர் பெரிதா வேலை பெரிதா என்று சட்டென்று கேட்டுவிடலாம். அவளிடமே ஒருநாள் கேட்டேன். ரெண்டும் ஒண்ணுதான் அக்கா என்றாள்.

அதனால் என்னால் முடிந்ததைச் செய்தேன். தலையையும் கழுத்தையும் சுற்றிக்கொள்ளக் கனமான துப்பட்டா வாங்கிக் கொடுத்தேன். வெயிலில் வேகிறது என்று அவிழ்த்துவைத்தால் போய்த் திட்டினேன். டாக்டர் கொடுத்த மாத்திரை பையில் இருக்கிறதா என்று தினமும் கேட்டு அவளுக்கே சலித்துவிட்டது. வாசலில் ஒரு பலகை வைத்தேன். சிகரெட் கூடாது, பட்டாசு கூடாது, அடுப்பு கூடாது, கலர்ப் புகைக் குண்டு கூடாது. இந்தக் கலர்ப் புகை ஒரு புது வியாதி. கல்யாணத்துக்கு முன்னால் படம் எடுக்க வருகிற ஜோடிகள் நீலமும் சிவப்புமாகப் புகையைக் கிளப்பிவிட்டு அதற்குள்ளிருந்து ஓடி வருவார்கள். எந்த மகராசன் ஆரம்பித்தானோ. அவள் அந்தக் குண்டுகளைப் பைக்குள்ளிருந்து மோப்பம் பிடித்த மாதிரி எடுத்துப் போட்டுவிடுவாள். ஒரு ஃபோட்டோகிராஃபர் கையில் காசை வைத்து அழுத்தியபோதுகூட, அவள் அசையவில்லை. அசைவாளா? அவள் உயிர் அல்லவா.

குளிர்காலத்தில் ஒரு வெள்ளிக்கிழமை. ஒரு கல்யாணப் பார்ட்டி படம் எடுக்க வந்தார்கள். தமிழ்நாட்டிலிருந்து வேலைக்கு வந்து கச்சிபௌலிப் பக்கம் குடியேறியிருக்கிற குடும்பம். பெண், மாப்பிள்ளை, பெண்ணின் அப்பா அம்மா, ஃபோட்டோகிராஃபர், அவனுடைய ஆட்கள். நான் முன்பே பேசிவைத்திருந்தேன். உள் முற்றத்தில் மட்டும் எடுக்க வேண்டும், புகை எதுவும் கூடாது. ஃபோட்டோகிராஃபர் நல்ல பிள்ளையாகத் தலையாட்டினான். நான் பின்பக்கம் தண்ணீர்த் தொட்டியில் பிளம்பரோடு மல்லுக்கட்டப் போய்விட்டேன்.

அங்கே நின்றுகொண்டிருந்தபோது சாம்பிராணி வாசனை வந்தது. உண்மையைச் சொல்கிறேன், முதலில் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. வெள்ளிக்கிழமை, சாம்பிராணி. பக்கத்தில் எந்த வீட்டிலோ போடுகிறார்கள் என்று ஆழமாக இழுத்து மோந்தேன். பிளம்பரிடம் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அப்போதுதான் மூளைக்கு எட்டியது. நான் ஓடிய ஓட்டத்தில் ஒரு செருப்பு எங்கே போனது என்று தெரியாது.

நடந்தது இதுதான். அந்தக் கலர்ப் புகையெல்லாம் வேண்டாம், நம்ம வழக்கப்படி ஒரு படம் எடுக்கலாம் என்று பெண்ணின் அம்மாவுக்கு ஓர் ஆசை. எண்ணெய் தேய்த்துக் குளித்த தலையை விரித்துப் போட்டு, பெண்ணுக்குச் சாம்பிராணி போடுகிற மாதிரி. தூபக்கால், சிரட்டைக் கரி, சாம்பிராணி, விசிறி எல்லாம் ஒரு பித்தளைத் தட்டில் வைத்து, மேலே பட்டுத் துணி போட்டுக் கொண்டுவந்திருக்கிறார்கள். மேசையில் அவள் துணியை விலக்கிப் பார்த்திருக்கிறாள். அந்த அம்மா, ‘நம்ம ஊர்ப் பொண்ணா நீ’ என்று கேட்டு, கூடையிலிருந்து ஒரு முழம் மல்லிகைப்பூவைக் கிள்ளிக் கொடுத்திருக்கிறார். இவள் துப்பட்டாவை அவிழ்த்துப் பூவைத் தலையில் வைத்துக்கொண்டு தட்டை உள்ளே விட்டிருக்கிறாள்.

எத்தனையோ பேர் பின்னால் என்னைக் கேட்டார்கள், உங்கள் ஆளுக்குப் புகை என்றால் என்னவென்று தெரியாதா என்று. சாம்பிராணியைப் புகை என்று எந்தத் தமிழச்சி நினைப்பாள்? தலைக்குப் போடுவது, சாமிக்குப் போடுவது, பிறந்த குழந்தைக்குப் போடுவது. கேட்டைத் திறந்து வந்த சாம்பிராணியைத் திருப்பி அனுப்பக் கை வருமா? கூடாது என்று பலகை எழுதியவள் நான். எனக்கே அந்தப் பெயர் அதில் எழுதத் தோன்றவில்லை. அந்தத் தட்டு என் முன்னால் வந்திருந்தால் நானும் கண்ணில் ஒற்றிக்கொண்டு உள்ளே விட்டிருப்பேன்.

முற்றத்தில் வெளிச்சம் போதவில்லை என்று ஃபோட்டோகிராஃபர் எல்லோரையும் கமானுக்குக் கூட்டிவந்துவிட்டான். காலை வெயில் கமானில் சாய்ந்து விழும், புகை அதில் அழகாக எழும்பும் என்று. எழும்பியது. நேராகக் கூட்டுக்கு.

நான் போய்ச் சேர்ந்தபோது வாசல் முழுக்க ஒரே இரைச்சல், மாவு மில் ஓடுகிற மாதிரி. ஆட்கள் மூலைக்கொருவராக ஓடிக்கொண்டிருந்தார்கள். தூபக்கால் கவிழ்ந்து கிடந்தது. பெண்ணை மாப்பிள்ளை தன் சட்டைக்குள் மூடி இழுத்துக்கொண்டு போனான். பெண்ணின் அப்பா புருவத்தைப் பொத்திக்கொண்டு அலறினார். அவள் எங்கே என்று கத்தினேன். தப்பிப்பதென்றால் அவள் தெருப் பக்கம் ஓடியிருக்க வேண்டும். பயத்தில் துணித் தடுப்புக்குள் ஓடி ஒளிந்திருக்கிறாள். மேலே திறந்த தடுப்பு, தேனீக்களும் உள்ளே இறங்கிவிட்டன. பிளம்பர் ஒரு கோணியைத் தலையில் போட்டுக்கொண்டு உள்ளே புகுந்து அவளை இழுத்து வந்தார். முகம் அடையாளம் தெரியவில்லை. மூச்சு விசில் மாதிரி வந்தது.

ஃபோட்டோகிராஃபரின் காரில்தான் போனோம். பின் சீட்டில் அவள் தலை என் மடியில். காலைப் பிடித்துக்கொண்டு, அன்றைக்கு ஆட்களைப் பார்வையிட வந்திருந்த ஏஜென்சி சூப்பர்வைசர். அவன் கெட்டவன் இல்லை, வழி முழுக்க அவள் உள்ளங்காலைத் தேய்த்துக்கொண்டே ‘பயப்படாதம்மா’ என்று அரற்றிக்கொண்டு வந்தான். மாத்திரையை வாயில் போட்டேன், விழுங்க முடியாமல் வெளியே வந்தது. நான் கும்பிடாத சாமி இல்லை.

அவசரப் பிரிவில் ஸ்ட்ரெச்சரில் போட்டதும் டாக்டர் ஊசியை எடுத்துக்கொண்டே கேட்டார், இதற்கு முன்னால் இப்படி ஆகியிருக்கிறதா என்று. சூப்பர்வைசர் எனக்கு எதிரே நின்றிருந்தான். அவள் கண் வீங்கி மூடியிருந்தது. ஆனால் காது கேட்டிருக்க வேண்டும். என் கையைத் தேடிப் பிடித்து அழுத்தினாள். சொல்லு என்று அழுத்தினாளா, சொல்லாதே என்று அழுத்தினாளா, இன்றுவரை எனக்குத் தெரியாது.

நான் சொல்லிவிட்டேன். போன பருவத்தில் கொட்டியது, பஸ்ஸில் மூச்சடைத்தது, டாக்டர் எச்சரித்தது, எல்லாவற்றையும். சூப்பர்வைசர் நிமிர்ந்து என்னைப் பார்த்தான். அப்புறம் அவளைப் பார்த்தான். வெளியே போய் ஃபோனை எடுத்தான்.

அவள் பிழைத்தாள். சாயங்காலம் மூச்சு சீரானது. நான் அந்த டாக்டருக்கு நன்றி சொல்லப் போனேன். நீங்கள் சொன்னது நல்லதுதான், ஆனால் சொல்லாவிட்டாலும் அதே ஊசியைத்தான் போட்டிருப்போம் என்று அவர் சாதாரணமாகச் சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார். என்னைத் தேற்றுவதற்காகச் சொன்னாரோ என்னவோ. நான் அங்கேயே சுவரில் சாய்ந்துகொண்டேன்.

மறுநாள் காலையில் வேலைக்குப் போனபோது மேசை புளியமரத்தடியில் இருந்தது.

நம்ப முடியாமல் நின்று பார்த்தேன். மெட்டல் டிடெக்டர், துணித் தடுப்பு, மேசை, நாற்காலி எல்லாம் அங்கே. கேபிளைச் சுவர் ஓரமாக ஒரு பிளாஸ்டிக் குழாய்க்குள் விட்டு மேலாகவே கொண்டுபோயிருந்தார்கள். தோண்டவும் இல்லை, ஆணியும் இல்லை. கல்யாணப் பெண்ணின் அப்பா பெரிய கம்பெனியில் பெரிய பதவியாம், அறக்கட்டளையில் யாருக்கோ தெரிந்தவராம். புருவத்தில் கட்டுப் போட்டுக்கொண்டு முந்தின சாயங்காலமே ஃபோனில் கத்தியிருக்கிறார். செயலர் விடிந்ததும் தானே வந்து நின்று வேலையை முடித்திருக்கிறார்.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்த மேசையைத் தூக்கித் தெருவில் எறிந்திருப்பேன். செயலரின் அறைக்குப் போய், மழை விட்ட நாளிலிருந்து இதைத்தானே கேட்டேன், அப்போது இந்தக் குழாய் எங்கே போயிருந்தது என்று கேட்டேன். என் குரல் வெளியே வரைக்கும் கேட்டிருக்கும். அவர் குரலை உயர்த்தவில்லை. வருத்தமாகத்தான் என்னைப் பார்த்தார். உயிருக்கு ஆபத்து என்று நீங்கள் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அன்றைக்கே மாற்றியிருப்பேனே, நீங்கள் நெரிசல் என்றீர்கள், ஃபோட்டோ என்றீர்கள் என்றார். மாற்றியிருப்பாரா? மாற்றியிருப்பார் என்றுதான் தோன்றுகிறது. அவள் வேலையும் அன்றைக்கே போயிருக்கும். இரண்டும் உண்மை.

ஏஜென்சி அவளை வேலையிலிருந்து எடுத்துவிட்டது. உடல்நிலையை மறைத்தாள், தடை செய்த பொருளை உள்ளே விட்டாள் என்று இரண்டு காரணம். ஆஸ்பத்திரிச் செலவை மட்டும் அறக்கட்டளை ஏற்றுக்கொண்டது, அதைப் பெரிய மனசு என்று எல்லோரும் சொன்னார்கள். டிக்கெட் கவுண்டரில் அவளை நேரடியாக எடுத்துக்கொள்ளுங்கள், கவுண்டர் கண்ணாடி அறைக்குள்தானே இருக்கிறது என்று செயலரிடம் கெஞ்சாத குறையாகக் கேட்டேன். அடுத்த கூட்டத்தில் பேசுவோம் என்று டீ வரவழைத்தார்.

கொஞ்ச நாள் கழித்து, ஒரு விடுமுறையன்று போவன்பள்ளிக்கு அவளைப் பார்க்கப் போனேன். போக மனசே இல்லை. காய்கறி மார்க்கெட் நெரிசலுக்குள் ஆட்டோ நகராமல் நின்றபோது, இப்படியே திரும்பிவிடலாமா என்றுகூட நினைத்தேன். அவள் வீட்டு வாசலில் உட்கார்ந்து வெங்காயம் தரம் பிரித்துக்கொண்டிருந்தாள். மார்க்கெட்டிலிருந்து மூட்டையாக எடுத்துவந்து செய்கிற வேலை. முகத்தில் வீக்கம் வடிந்து, கன்னத்தில் மட்டும் திட்டுத் திட்டாக இருந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்து, ‘வாங்க அக்கா’ என்று உள்ளே கூட்டிப்போய் ஃபேனைப் போட்டாள்.

அன்றைக்கு நான் டாக்டரிடம் சொன்னதைப் பற்றி அவள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். நானாக ஆரம்பித்தேன். அவள் ‘விடுங்க’ என்று கையை அசைத்துவிட்டு டீ போடப் போனாள். திரும்பி வந்து கேட்டாள், மேசையை நிஜமாகவே மாற்றிவிட்டார்களா என்று. மாற்றியதையும் யார் சொல்லி மாற்றினார்கள் என்பதையும் சொன்னேன். டம்ளரைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டிருந்தாள்.

“அப்ப கமானுக்குக் கீழ யாரும் இல்லியே?” என்றாள்.

இதைத்தான் கேட்டுவிடக் கூடாது என்று நான் வழியெல்லாம் வேண்டிக்கொண்டு வந்தேன். இனிமேல் யாரும் கமான் பக்கம் எதையும் கொளுத்தாமல் பார்க்க வேண்டும் என்று செயலர் அங்கே ஓர் ஆளை நிறுத்தச் சொல்லிவிட்டார். பெண்ணின் அப்பாவுக்கு அப்படி வாக்குக் கொடுத்திருக்கிறார். கமானுக்கு நேர் கீழே ஒரு ஸ்டூல், ஒரு விசில். ஏஜென்சி ஒரு புதுப் பெண்ணை அனுப்பியிருக்கிறது. நான் மறுத்துப் பேசினேன், நடக்கவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன்.

அவள் டம்ளரைக் கீழே வைத்தாள்.

“அவளுக்குத் தேனீ ஒத்துக்குமான்னு கேட்டீங்களா?”

“கேட்டேன். தனியாக் கூட்டிட்டுப் போய்க் கேட்டேன். எனக்கு ஒண்ணும் ஆகாது மேடம்னு சொன்னா.”

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். கோபம் எதுவும் இல்லை.

“வேலைக்குச் சேரும்போது எங்கிட்டயும் கேட்டாங்க அக்கா” என்றாள். “நானும் அதையேதான் சொன்னேன். சின்ன வயசுலயே ஒரு தடவ கொட்டி மூச்சு நின்னுருக்கு எனக்கு.”